எடை கேட்காத போட்டி

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை வந்துவிடும். அலுவலகத்தில் ஒருமுறை ஸ்டேப்ளரைத் தூக்கி எறிந்திருக்கிறேன். என் மகளும் அச்சு அசல் அப்படியே. பின்னலைப் பிடித்து இழுத்த பையன் ஒருவனின் உதட்டைக் கிழித்துவிட்டாள் என்று பள்ளியில் கூப்பிட்டு அனுப்பினார்கள். இவ்வளவு கை துறுதுறுக்கிறது என்றால் ஒழுங்காகக் கற்றுக்கொண்டாவது அடிக்கட்டும் என்று, சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் இருந்த ஒரு குத்துச்சண்டைக் கூடத்தில் அவளைச் சேர்த்தேன்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. கூடத்தை நடத்திய மாஸ்டரிடம் செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர் ஒன்று இருந்தது. அமெரிக்காவுக்குப் போன அவருடைய பழைய மாணவன், பிள்ளைகளைப் பதிவு செய்யும் மென்பொருள் ஒன்றை அனுப்பி வைத்திருந்தான். விவரங்களைக் கொடுத்தால் அதுவே பிள்ளைகளைப் பிரித்து, யாரோடு யார் மோத வேண்டும் என்று ஜோடியும் போட்டுத் தந்துவிடும். நான் லாரி கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன், கம்ப்யூட்டர் பழக்கம். அதனால் மே மாதப் போட்டிக்குப் பதிவு செய்ய என்னைக் கூப்பிட்டார்.

மென்பொருளின் முதல் கேள்வியே இது எந்த வகை நிகழ்ச்சி என்பதுதான். வகுப்பா, கேம்ப்பா, லீக்கா, போட்டியா. நான் போட்டி என்பதை அமுக்கினேன். உடனே ஒவ்வொரு பிள்ளையின் பிறந்த தேதியையும் எடையையும் கேட்டது. எடையைப் போடாமல் அடுத்த பக்கத்துக்குப் போக மாட்டேன் என்று அடம் பிடித்தது. கூடத்தில் எடை மெஷின் கிடையாது.

“இன்னா மேடம் இது, வெயிட்டெல்லாம் கேக்குது? பேஜார் புடிச்ச வேலையா கீதே” என்றார் மாஸ்டர்.

“தாம்பரம் ஸ்டேஷன்ல மெஷின் இருக்கு மாஸ்டர். காசு போட்டா அட்டை வரும். பிள்ளைங்களை ஒரு நாள் கூட்டிட்டுப் போய் நிறுத்திடலாம்.”

“அத்தினி பேரையும் இட்டுகினு போயி பிளாட்பாரத்துல லைன் கட்டச் சொல்றீங்களா?”

சொல்லிக்கொண்டே என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கி, கேம்ப் என்பதை அமுக்கினார். அது சாதுவாக எந்த வகுப்பு, டி-ஷர்ட் என்ன அளவு என்று மட்டும் கேட்டது, வகுப்பை வைத்தே ஜோடி போட்டுவிடுமாம். அவருக்குப் பரம திருப்தி. எங்கள் பக்கத்தில் மே மாதம் என்ன நடந்தாலும் அதற்குப் பெயர் சம்மர் கேம்ப்தான், பேனரும் அப்படித்தான் அடித்திருந்தார். யார் வீட்டுப் பிள்ளையைப் பார்த்தாலும் நாம் வயதைக் கேட்பதில்லை, எந்த கிளாஸ் படிக்கிறாய் என்றுதான் கேட்கிறோம். அந்தப் பழக்கம் குத்துச்சண்டை வரைக்கும் வந்துவிட்டது.

“ஒரே கிளாஸ்னா ஒரே சைஸ்தானே மேடம்” என்றார்.

“என் பொண்ணை மூணு வயசு ஆகுறதுக்கு முன்னாடியே எல்.கே.ஜி.ல போட்டுட்டோம். கிளாஸ்லயே அவதான் பொடிசு.”

“உங்க பொண்ணுக்கு நான் பொறுப்பு.”

அந்த வார்த்தையை நம்பிப் பதிவை முடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

போட்டியைக் கல்யாண மண்டபம் ஒன்றில் வைத்திருந்தார்கள். சர்ச்சுக்குக்கூடப் போகாமல் காலையிலேயே போய் முன்வரிசையில் உட்கார்ந்தேன். வெளியாட்கள் யாரும் ரிங்குக்குள் ஏறக் கூடாது, ஏறினால் அவர்கள் வீட்டுப் பிள்ளை தோற்றதாகக் கணக்கு என்று மாஸ்டர் மைக்கில் இரண்டு தரம் சொன்னார். நடுவரும் அவரேதான்.

ஆறாம் வகுப்புப் பெண்களைக் கூப்பிட்டார்கள். கயிற்றைத் தூக்கிக்கொண்டு எதிர் மூலையில் ஏறிய பெண்ணைப் பார்த்ததும் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். கோவளத்திலிருந்து வந்தவள். அவளும் ஆறாவதுதான், ஆனால் அவளைப் பள்ளியில் சேர்த்ததே தாமதமாம். என் மகள் அவளுடைய தோளுக்குக்கூட வரவில்லை. அந்தத் தோளே என் தோள் அகலத்துக்கு இருந்தது.

மணி அடித்த கையோடு முதல் குத்து நெற்றியில் விழுந்தது. தலைக்கவசம் கண்ணை மறைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டது. அதை அவள் சரிசெய்வதற்குள் விலாவில் ஒன்று, தாடையில் ஒன்று. அரிசி மூட்டையைத் தரையில் போடுகிற சத்தம். என் மகள் கயிற்றில் மோதித் திரும்பி வந்து, அதே வேகத்தில் மறுபடி வாங்கினாள். மூன்றாவது சுற்றில் மூக்கு உடைந்தது. ரத்தம் வாய்க்குள் போய், பல்லுக்குப் போட்டிருந்த வெள்ளை ரப்பர் சிவப்பாகிவிட்டது. மாஸ்டர் பார்த்தார், “பாக்ஸ்” என்று சொல்லி, தொடர்ந்து மோதும்படி கையை அசைத்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டு எதிராளியின் வயிற்றுக்குள் புகுந்தாள். அதற்கப்புறம் எனக்கு எதுவும் தெரியவில்லை.

செருப்போடு ரிங்குக்குள் ஏறினேன். குறுக்கே நின்ற அந்தப் பெண்ணைத் தள்ளிவிட்டு, மாஸ்டரின் சட்டையைக் கொத்தாகப் பிடித்து ஓங்கி ஓர் அறை விட்டேன். “இதுதான் உன் பொறுப்பா?” என்று கேட்டு இன்னொன்று. விசில் அவர் வாயிலிருந்து தெறித்தது. பின்னாலிருந்து யாரோ என் கொண்டையைப் பிடித்து இழுத்தார்கள். கோவளத்துப் பெண்ணின் அம்மா.

“எம் பொண்ணு மேலயா கைய வெச்ச? ஒடச்சிருவேன்.”

அவள் முழங்கை என் பல்லில் பட்டது. நான் அவள் கையைக் கடித்தேன். இருவரும் கயிற்றில் சிக்கி, கட்டிக்கொண்டு, ரிங்கிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் மேல் விழுந்தோம். ஒரு நாற்காலியின் கால் கையோடு வந்தது, அதைக் கொண்டு அவளை அடித்தேன், அவளும் விடவில்லை. சமையல்கட்டிலிருந்து ஆட்கள் ஓடிவந்துதான் பிரித்தார்கள். என் ரவிக்கைத் தோள் கிழிந்து தொங்கியது. மாஸ்டரை அடித்ததற்கு இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை.

நிமிர்ந்து பார்த்தபோது, கன்னத்தில் என் விரல் தடத்தோடு மாஸ்டர் கோவளத்துப் பெண்ணின் கையைத் தூக்கிப் பிடித்திருந்தார். என் மகள் ரத்தத்தைத் துடைக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஸ்கூட்டியில் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தேன். இறங்கியதும் சொன்னாள்.

“அவ வயித்துல அடிச்சா மூச்சு வாங்குறா, கண்டுபிடிச்சுட்டேன். ரெண்டு குத்து உள்ள போயிடுச்சு. மூணாவது போடறப்போ நீ ஏறிட்டம்மா.”

அடுத்த வருடம் மாஸ்டரே வீட்டுக்கு வந்தார். பிள்ளைகளையெல்லாம் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய் எடை பார்த்த அட்டைகளை ஒரு ரப்பர் பேண்டில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மகளோடு கூடத்துக்குப் போய்க் கம்ப்யூட்டர் முன்னால் நான் உட்கார்ந்ததும் தள்ளியே நின்றார். போட்டி என்பதை அமுக்கினேன். எல்லா எடையையும் ஏற்றினேன். தன் அளவுக்கே இருக்கும் ஒரு பெண்ணோடு என் மகளுக்கு ஜோடி வந்தது. நிம்மதியாக மூச்சு விட்டேன்.

என் மகள் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “கோவளத்து அக்கா எங்க?” என்று கேட்டாள்.

“அவ வெயிட்டே வேற பாப்பா. இனிமே உனக்கு அவ வர மாட்டா” என்றார் மாஸ்டர்.

“எப்பவுமே?”

“எப்பவுமே.”

அவள் அழுவாள் என்று பயந்தேன், அழவில்லை. அன்று சாயங்காலம் குத்துகளை வாங்கும் பஞ்சுப் பட்டைகளை என் கைகளில் மாட்டி, மொட்டை மாடிக்கு இழுத்துப் போனாள். வயிற்றுக்கு நேராகப் பிடிக்கச் சொன்னாள். பிடித்தேன். வருடம் முழுக்க வைத்திருந்த அந்த மூன்றாவது குத்து, பட்டையைத் தள்ளிக்கொண்டு என் வயிற்றில் இறங்கியது. மூச்சு வராமல் குந்திவிட்டேன். வேறு யாராவதாக இருந்தால் என் கை சும்மா இருந்திருக்காது.

“எழுந்திரும்மா” என்றாள். எழுந்து, மறுபடி வயிற்றுக்கு நேராகப் பிடித்தேன்.