சாமி கொண்டுவந்த பாதி பர்கர்

“…பாதியை உள்ள தள்ளிட்டு மீதியை எங்கிட்ட ஆராய்ச்சிக்குக் கொண்டாந்திருக்கீரு, அப்படித்தானவே?” என்றார் கறிக்கடை பாய். சொன்ன வேகத்தில் நாக்கைக் கடித்துக்கொண்டு, “மன்னிக்கணும், அப்படித்தான சாமி?” என்று திருத்தினார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. வருசம் பூரா என்னை ‘வே’ என்றும் ‘மாப்ள’ என்றும் கூப்பிட்ட வாய். கார்த்திகையில் மாலை போட்டதும் நான் சாமியாகிவிட்டேன். ஞாயிறு தவறாமல் தென்காசியில் அவர் கடை வாசலில் நிற்கிறவன், அன்றைக்குப் படி ஏறக் கூடாதே என்று எதிர்த்த பக்கம் நின்று கையாட்டிக் கூப்பிட்டேன். அவரும் சோப்புப் போட்டுக் கை கழுவி, துண்டில் துடைத்துக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்தார்.

நடந்தது இதுதான். காலையில் குற்றாலத்தில் குளித்துவிட்டு வருகிறேன். வழியில் புதுசாக ஒரு பர்கர் கடை. ‘செடியில் செய்த கறி பர்கர், சுத்த சைவம்’ என்று போர்டு. கறி தின்று வளர்ந்த உடம்பு இது. மாலை போட்ட நாளிலிருந்து ரசமும் கூட்டுமாக நாக்கு செத்துக் கிடந்தது. சைவம்தானே என்று வாங்கினேன். முதல் கடியிலேயே திடுக்கென்றது. அசல் கொத்துக்கறி! அந்தக் கருகல் என்ன, அந்த எண்ணெய்ப் பசை என்ன! சத்தியமாகச் சொல்கிறேன், பாதியை ருசித்து ருசித்துத் தின்றேன். அப்புறம்தான் பார்க்கிறேன், அதே கடையில் சிக்கன் பர்கரும் போடுகிறார்கள். மாற்றிக் கொடுத்துவிட்டார்களோ? கேட்டேன். “இல்ல சாமி, உங்களுது வெஜ்தான்” என்றார் கடைக்காரர், போனைப் பார்த்துக்கொண்டே. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

மாலை எனக்காகப் போட்டதில்லை. மகளுக்கு இரண்டு தடவை வயிற்றில் தங்காமல் போய்விட்டது. இப்போது ஏழாம் மாதம். இதாவது நல்லபடியாகப் பிறக்கட்டும் என்று வேண்டி, முதல் தடவையாகக் கழுத்தில் போட்டது. விரதம் முறிந்துவிட்டது என்று எந்த வாயால் வீட்டில் போய்ச் சொல்வேன்?

பாய் பொட்டலத்தைப் பிரித்தார். மோந்து பார்த்தார். நடுவில் இருந்த வட்டத்தைப் பிட்டு விரலில் நசுக்கினார்.

“ஆடோ கோழியோ, எப்படிக் கொத்தினாலும் ஒரு நார் நிக்கும். இது வடை மாதிரி உதிருது. இந்தச் சிவப்பு பீட்ரூட்டுன்னு நெனைக்கேன். கறி இல்ல சாமி.”

“அப்ப எனக்கு ஏன் கறியாவே ருசிச்சுது?”

“அப்படி ருசிக்கணும்னுதான அவன் மெனக்கெட்டுச் செய்யுதான்!”

“இருந்தாலும் மனசு கறின்னு நெனச்சுல்லா தின்னுச்சு? அது குத்தம் இல்லையா?”

அவர் சிரித்துவிட்டார். “நோன்பு மாசத்துல நான் கடையைப் பூட்டிட்டா இருக்கேன்? பகல் பூரா வெட்டுதேன். சாயந்தரம் பக்கத்துக் கடையில சமோசா பொரியுது, வாயில தண்ணி ஊறத்தான் செய்யுது. ஊறினதுக்கெல்லாம் நோன்பு போச்சுன்னா எங்க தெருவுல ஒருத்தனுக்கும் நோன்பு கிடையாது, பாத்துக்கிடுங்க.”

இந்த மாதிரிப் பேச்சுக்காகவே அவரிடம் கறி வாங்குகிறேனோ என்னவோ. வேறு நாளென்றால் இதை நாலு பேரிடம் சொல்லிச் சிரித்திருப்பேன். அன்றைக்கு நெஞ்சு ஆறவில்லை. மகள் விசயம் அவருக்கும் தெரியும். சின்னப் பிள்ளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அவர் கடைக்கு வந்தவள். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஆறுதலுக்குச் சொல்கிறாரோ? அவர் இடத்தில் நான் இருந்தால் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கறியாகவே இருந்தாலும் இல்லை என்றிருப்பேன்.

“மாமா, எனக்காகச் சொல்லாதேயும். மெய்யாவே இது கறி இல்லையா?”

அவர் சிரிப்பு நின்றது. என் வீட்டு விசேசங்களுக்கெல்லாம் வந்து சோறும் பாயசமும் சாப்பிட்டிருக்கிற மனுசன். முறைப்படி ஓதி அறுத்தது என்று உறுதியாகத் தெரியாத கறியை மட்டும் இத்தனை வருசத்தில் ஒரு வாய் தொட்டதில்லை, தொடவும் மாட்டார்.

என் பல் படாத பக்கமாக அந்த வட்டத்தில் ஒரு துண்டு பிட்டார். “பிஸ்மில்லாஹ்” என்று வாயில் போட்டு, என்னைப் பார்த்தபடியே நிதானமாக மென்று விழுங்கினார்.