ஆடி முடிந்த பிறகும்

“ஆடி முடியட்டும், இவளும் முடிஞ்சிருவா. இப்பிடி எத்தன பேரப் பாத்திருக்கேன்” என்று குழாயடியில் குடத்தைக் கழுவிக்கொண்டே சொன்னவர் எங்கள் பக்கத்து வீட்டுக் கோமு அத்தை. தண்ணீர் விழுகிற சத்தத்தையும் தெருவின் இரண்டு பக்கமும் ஓடிக்கொண்டிருந்த விசைத்தறிகளின் தடதடப்பையும் தாண்டி, மொட்டைமாடியில் உட்கார்ந்து எழுந்து “உக்கி” போட்டுக்கொண்டிருந்த என் காதுக்கு அது தெளிவாக வந்து விழுந்தது. விழ வேண்டும் என்றுதான் அத்தை அவ்வளவு சத்தமாகச் சொன்னார். எனக்கு அப்போது பதினைந்து வயது.

அதற்கு முந்தைய நாள் நேராகவே கேட்டிருந்தார். “ஏட்டி, பள்ளிக்கூடத்துல ஏதும் தப்புப் பண்ணிட்டியா? மாடியில ஏறி உக்கி போடுதே?”

“உடம்ப ஏத்தப் போறேன் அத்த.”

“எதுக்கு, மூட்ட தூக்கவா? அதான் ஒங்கப்பன் தூக்குதாம்லா, ஒரு வீட்டுக்கு ஒராளு போதாதா?”

என் அப்பா எங்கள் ஊரான சங்கரன்கோவிலில் ஒரு வத்தல் கமிஷன் கடையில் சுமை தூக்கினார். சாயங்காலம் அவர் சட்டையைக் கழற்றி உதறினால் மிளகாய் நெடியில் வீடே தும்மும். அவர் மூன்றாம் வகுப்போடு நின்றவர். அம்மா பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை, தறிக்கூடத்தில் வேலை பார்த்தாள். எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பத்தாம் வகுப்புப் புத்தகத்தைக் கையில் வாங்கிய முதல் ஆள் நான்தான். இதை இன்றும் கொஞ்சம் கர்வத்தோடுதான் சொல்கிறேன்.

உடம்பை ஏற்ற வேண்டும் என்ற எண்ணம் எனக்கு வந்தது ஒரு கேஸ் சிலிண்டரால். எங்கள் சந்துக்குள் வண்டி நுழையாது என்பதால் சிலிண்டரைத் தெருமுனையிலேயே இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள். அன்று அடுப்பில் பாதி வெந்த சோறு இருக்க, நானும் அம்மாவும் அந்தச் சிலிண்டருக்குப் பக்கத்தில், ஏதாவது ஓர் ஆண்பிள்ளை அந்த வழியாக வருவார் என்று ஒரு மணி நேரத்துக்கு மேல் காவல் நின்றோம். கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்குகிற எனக்கு, ஓர் இரும்பு உருளையை நாற்பது அடி நகர்த்த யாரோ ஒருவருக்காகக் காத்திருப்பது பெரிய அவமானமாக இருந்தது.

ஆனால் தொடங்கிய விதம்தான் தப்பு, அதுவும் எங்கள் ஊர்க்காரிக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு. ஆடித்தபசுக்குக் கொடி ஏறியதும் எங்கள் ஊரில் “ஆடிச்சுத்து” தொடங்கிவிடும். ஒற்றைக்காலில் தவம் நிற்கிற கோமதியம்மனின் கால்வலியில் நாமும் கொஞ்சம் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டும் என்று கோயிலை நூற்றொரு தடவை, ஐந்நூற்றொரு தடவை சுற்றுவார்கள். தறியில் எட்டு மணி நேரம் நின்ற காலோடு அம்மாவும் போவாள். ஒரு நாளைக்கு எட்டு, பத்து என்று சுற்றி, வீட்டுக்கு வந்து காலண்டர் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்து, திருவிழாவின் கடைசியில் வரும் தபசுக் காட்சிக்குள் நூற்றொன்றை முடித்துவிடுவாள். “கால் வீங்கிரும், பொம்பளைக்கு எதுக்கு இது” என்று எந்த அத்தையும் அவளிடம் கேட்டதில்லை.

நான் அதைப் பார்த்து, கொடி ஏறிய காலையிலிருந்து தினமும் நூற்றொரு உக்கி என்று அம்மனுக்கு நேர்ந்துகொண்டேன். அம்மா பதினொரு நாளுக்குப் பிரித்து வைத்ததை நான் ஒவ்வொரு நாளும் முழுசாகப் போட்டேன். மூன்றாம் நாள் மாடிப்படியில் இறங்க முடியாமல் ஒவ்வொரு படியாக உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். வகுப்பில் டீச்சர் வந்ததும் எழுந்து நிற்க, பக்கத்தில் இருந்தவளின் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆனாலும் விடவில்லை. தபசுக் காட்சி அன்று கூட்டத்துக்குள் நசுங்கிக்கொண்டு, நேர்ந்ததை முடித்துவிட்ட பெருமையோடு அம்மனைப் பார்த்துக் கும்பிட்டேன். மறுநாள் காலையில் நன்றாகத் தூங்கினேன். அதற்கடுத்த நாளும் தூங்கினேன். நேர்த்திக்கடன்தான் தீர்ந்துவிட்டதே!

ஒரு வாரம் கழித்து, “என்னட்டி, உடம்பு ஏறிட்டா?” என்று அத்தை கேட்டபோது குழாயடியில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். அத்தை சொன்னபடியே ஆடி முடியும் முன் நான் முடிந்துபோயிருந்தேன்.

அந்த எரிச்சலில்தான் ஒன்று புரிந்தது. சாமிக்கு நேர்ந்தால் அது தீருவதற்கு ஒரு நாள் இருக்கிறது. சதைக்கு அப்படி ஒரு நாள் இல்லை. ஆகவே திருவிழாவும் இல்லாத, நல்ல நாளும் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி தொடங்கினேன். “இன்னைக்கு அஷ்டமிடீ” என்றாள் அம்மா. இருக்கட்டும் என்றேன். பதினைந்து உக்கி, சுவரில் கையூன்றிப் பத்துத் தண்டால், பாதி மணல் போட்ட குடத்தை இடுப்பு வரைக்கும் எட்டு முறை தூக்கி இறக்குவது, அவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஒரு பிடி மணல் கூட்டினேன். காய்ச்சல், பரீட்சை, வயிற்றுவலி, வீட்டில் ஒரு சாவு என்று நாள்கள் தவறின. தவறிய நாளை மறுநாளோடு சேர்த்துப் போடுவதில்லை என்பதை மட்டும் கண்டிப்பாக வைத்துக்கொண்டேன். விட்டதை விட்டதாக எண்ணி, மறுநாள் அன்றைக்கு உள்ளதைச் செய்தேன்.

அடுத்த சண்டை முட்டைக்கு. எங்கள் வீட்டில் அவித்த முட்டை அப்பாவுக்கு மட்டும்தான். “தூக்குற உடம்புக்கு வேணும்” என்பது அம்மாவின் நியாயம். ஒருநாள் தட்டோடு போய் நின்று, “நானும் தூக்குதேம்லா, எனக்கும் வை” என்றேன். அம்மா கரண்டியை ஓங்கினாள், பிறகு சிரித்துவிட்டாள். அன்று அரை முட்டை கிடைத்தது. மாதம் போகப் போக அது முழு முட்டையாயிற்று.

பங்குனியில் ஒரு காலை, தெருமுனையில் இறங்கியிருந்த சிலிண்டரை முதுகை வளைக்காமல் குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, நெஞ்சோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வீடு வரைக்கும் நடந்தேன். வழியில் ஒரே ஒரு முறைதான் இறக்கினேன், அதுவும் கோமு அத்தை வீட்டு வாசலில், வேண்டுமென்றே. அத்தை வாயில் இருந்த வெற்றிலையைக்கூடத் துப்பாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குள் அப்பா இருந்தார். அவர் சந்தோஷப்படுவார் என்று நினைத்திருந்தேன். அவர் முகம் கறுத்துவிட்டது. “எறக்கி வை” என்றார். “இதுக்கா ஒன்னப் படிக்க வச்சேன்? ஒங்கழுத்துல ஒரு சொமை ஏறக்கூடாதுன்னுதான நா இத்தன வருசம் தூக்குதேன்?” அன்று அவர் சாப்பிடாமல் வேலைக்குப் போனார். ஊர் சிரித்தபோதெல்லாம் விட்டுவிடத் தோன்றாத எனக்கு, அன்றுதான் விட்டுவிடலாமா என்று தோன்றியது. இரண்டு நாள் மாடிக்குப் போகவில்லை. மூன்றாம் நாள் அவர் கிளம்பிய பிறகு போனேன். அவருக்கும் தெரியும். அதன் பிறகு பல வருடம் நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

இப்போது நான் திருவேங்கடத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். காலை ஐந்தரைக்கு ஜிம், ஏழே முக்காலுக்கு பஸ். ஜிம் உரிமையாளர் முதலில், “லேடீஸ் டைம் பத்து மணிக்கும்மா” என்றார். பத்து மணிக்கு வேலைக்குப் போகிற பெண் எப்படி வருவாள் அண்ணாச்சி என்று கேட்டு, ஐந்தரைக்கே போய் நின்றேன். ஒரு வாரம் ஆண்கள் ஓரக்கண்ணால் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கே அலுத்துவிட்டது. எங்கள் தெருவில் தறிச் சத்தம் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது, குழாயடியும் இல்லை, வீட்டுக்கு வீடு இணைப்பு வந்துவிட்டது. அதற்காக நான் கண்ணீர் விடப்போவதில்லை. தெருமுனையில் காத்து நிற்கிற பெண்பிள்ளைகளும் அதோடு காணாமல் போயிருந்தால் நல்லது என்று மட்டும் நினைக்கிறேன்.

அப்பாவுக்கு இடுப்பு விட்டுப்போயிற்று. அதே கடை வாசலில் உட்கார்ந்து மூட்டைகளின் வாயைத் தைக்கிறார். போன மாதம் என் கை காய்த்திருப்பதைப் பார்த்துவிட்டு, “என் கை மாதிரியே ஆயிட்டு” என்று வருத்தத்தோடு சொன்னார். இத்தனை வருடம் வாய்க்குள்ளேயே இருந்ததை அப்போது சொன்னேன்.

“ஒங்களத் தூக்க வச்சாங்கப்பா. ஒடம்பு போதும்னு சொன்ன பொறகும் தூக்க வச்சாங்க. நா தூக்குதேன். போதும்னா எறக்கி வச்சிருவேன். ரெண்டும் ஒண்ணு இல்ல.”

அடுத்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருநெல்வேலியில் பெண்களுக்கான வலுதூக்கும் போட்டி இருக்கிறது, வருகிறீர்களா என்று கேட்டேன். “அன்னைக்கு எனக்கு வேற வேல இருக்கு” என்றார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். சரிப்பா என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து விண்ணப்பத்தை எடுத்தேன். தோளில் பளுவோடு உக்கி போடுகிற ஸ்குவாட், படுத்தபடி தூக்குகிற பெஞ்ச், தரையிலிருந்து தூக்குகிற டெட்லிஃப்ட் என்று மூன்று பிரிவு போட்டு, எதில் கலந்துகொள்கிறீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மூன்றிலும் குறியிட்டு, கையெழுத்துப் போட்டு, அன்றே அனுப்பிவிட்டேன்.