பாலாடையில் ஊற்றிய பெட்ரோல்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். என் கையெழுத்து நண்டு ஓடின மணல் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எந்த இடத்தில் எந்த ‘ள’ போடுவது என்று இன்றுவரை எனக்குத் தீர்மானமில்லை. பிழை கண்ணில் பட்டால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நேரில் சொல்லலாம்தான். ஆனால் ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குப் பாதிப் பேச்சு மறந்துபோகும்.

போன ஞாயிற்றுக்கிழமை என் மகள் வாசலில் செய்தித்தாளை விரித்து, தன் மொபெட்டின் கார்புரேட்டரைக் கழற்றிப் போட்டிருந்தாள். செங்கல்பட்டில் அவளுக்கு வேலை. அந்த வண்டி இல்லாவிட்டால் பஸ்ஸுக்குக் காத்து நிற்க வேண்டும். கொட்டாங்குச்சியில் பெட்ரோல் ஊற்றி, பழைய பல் பிரஷ்ஷால் ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தவள், “அப்பா, இதுல வெளிச்சம் தெரியுதா பாரு” என்று ஜெட்டை நீட்டினாள்.

ஜெட் என்பது குன்றிமணியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு பித்தளைத் திருகு. நடுவில் ஊசிமுனை நுழைகிற அளவுக்கு ஒரு துளை. எஞ்சினுக்குப் போகிற பெட்ரோல் அதன் வழியாகத்தான் போக வேண்டும். அது அடைத்துக்கொண்டால் எவ்வளவு பெரிய வண்டியானாலும் இருமிவிட்டு நின்றுவிடும். வாங்கிக் கண்ணருகே பிடித்துப் பார்த்தேன். துளைக்குள் துளி வானம் தெரிந்தது. “தெரியுது” என்று கொடுத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டேன். விரலில் பெட்ரோல் வாசனை ஒட்டிக்கொண்டிருந்தது. அதை முகர்ந்தால் எனக்கு அண்ணி ஞாபகம்தான் வரும். பூவோ மஞ்சளோ முகர்ந்து அண்ணியை நினைப்பவர்கள் இருப்பார்கள். எனக்கு வாய்த்தது பெட்ரோல்.

எழுபதுகளின் நடுவில் என் அண்ணனிடம் ஒரு ஜீப் இருந்தது. ராணுவத்தில் கழித்துவிட்டதை யாரோ ஏலத்தில் எடுத்து, அது இரண்டு மூன்று கை மாறி, மகாபலிபுரத்துக்குத் தெற்கே எங்கள் குப்பத்து மணலில் வந்து நின்றது. நான்கு சக்கரமும் இழுக்கும். மணல், சேறு, சவுக்குத் தோப்பு எல்லாம் அதற்கு ஒன்றுதான். அப்போது எங்கள் கரைக்கு ரோடு கிடையாது, ஆகவே அந்த ஜீப்தான் ரோடு. அண்ணன் மீன் வாங்கி விற்பவர். நான் டிரைவர். கூடைகளை ஏற்றிக்கொண்டு செங்கல்பட்டு ஸ்டேஷனுக்குப் போனால், டீக்கடைக்காரர் என் கிளாஸை மட்டும் பெஞ்சின் அந்தக் கோடியில் வைப்பார். இந்த நாற்றத்தோடு எனக்கு எவள் கழுத்தை நீட்டுவாள் என்று ரொம்ப நாள் கவலைப்பட்டிருக்கிறேன். நீட்டினாள். அவளும் மீன்காரிதான், அதனால் தெரியவில்லை.

கோயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஒருமுறை கோயிலை விட்டுவிட்டு எங்கள் ஜீப்பைப் படம் பிடித்தார். என்னையும் பக்கத்தில் நிற்கச் சொல்லிக் கையைக் காட்டினார். நான் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். எந்த ஊரிலோ ஒரு வீட்டில் அந்தப் படம் இருக்கும். வண்டிக்கு அடியில் தெரிகிற இரண்டு கால்கள் என்னுடையவை.

உப்புக் காற்று இரும்பைத் தின்னும், பித்தளையில் களிம்பு ஏற்றும். கார்புரேட்டருக்குள் மணலும் போய் உட்காரும். அடிக்கடி கழற்றிக் கழுவ வேண்டியிருந்தது. நின்றுபோன ஜீப்பைச் செங்கல்பட்டு மெக்கானிக் வரைக்கும் யார் இழுத்துப் போவது? அதனால் எல்லாம் வீட்டு வாசலில்தான். ஒரு சட்டியில் மண்ணெண்ணெய், சாமான்களைப் பரப்பி வைக்க அண்ணியின் முறம்.

அண்ணி கடப்பாக்கத்துப் பக்கத்தில் ஒரு குப்பத்துப் பெண். தாய் இல்லை. அவருடைய அப்பாவுக்கு ஒரே மகள். அப்பாவை ‘நைனா’ என்பார். எதைப் பேசினாலும் நடுவில் நைனா வந்துவிடுவார். எங்கள் நைனா இப்படித்தான் வலை பின்னுவார், எங்கள் நைனாவுக்குச் சுறாப்புட்டு என்றால் உயிர். அண்ணன் கேலி செய்வார், “வண்டி ஓட்றதுகூட ஒங்க நைனா சொல்லித்தான் தெரியுமா?” என்று.

அந்தச் சித்திரை மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் வண்டி முக்க ஆரம்பித்திருந்தது. கழற்றி ஊறப் போட்டேன். அதற்குள் கரையில் படகு தள்ள ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள், போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தால் முறத்தில் எல்லாம் தங்கமாக மின்னுகிறது. ஜெட்டுகள், ஜெட்டுக்கு மேலே மிதக்கிற பித்தளை டப்பா, சின்னத் திருகுகள் எல்லாம். பக்கத்திலேயே குத்துவிளக்கும் காமாட்சி விளக்கும் ஈரத்தோடு காய்ந்துகொண்டிருந்தன.

“இன்னா அண்ணி இது?”

“வெளக்கு தேய்க்கறப்ப இதையும் போட்டுத் தேச்சிட்டேன். இத்தினி களிம்பு ஏறிக்கினு இருந்தா வண்டி எப்பிடி ஓடும்? நம்மளயே எடுத்துக்கோ, அழுக்கோட இருந்தா வேல ஓடுமா?”

புளியும் செங்கல் பொடியும் போட்டுத் தேய்த்திருக்கிறார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. ஜெட்டை வாயில் வைத்து ஊதினேன், காற்று போனது. மண்ணெண்ணெயில் அலசி மாட்டினேன். கடைசித் திருகை முறுக்கும்போது அண்ணியின் ஊர்க்காரர் ஒருவர் கரையோடு நடந்தே வந்து சேர்ந்தார். முந்தின ராத்திரியே கிளம்பியிருக்கிறார். வாசலில் நின்றபடியே சொன்னார்.

“ஒங்கப்பாரு இழுத்துகினு கீறாரும்மா. நேத்துலேர்ந்து. கண்ணு வாசப்படிய வுட்டு நகர மாட்டேங்குது. ஒங் கையால ஒரு வாயி பால் ஊத்துனாத்தான் அந்த உசிரு போவும்.”

அண்ணி அழவில்லை. தன் கைக்குழந்தையைப் பக்கத்து வீட்டில் கொடுத்தார். பிறகு உள்ளே போய், அந்தக் குழந்தைக்குப் பால் புகட்டிய, மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தைக் கழுவி எடுத்து வந்து இடுப்பில் செருகிக்கொண்டார். “பால் அங்க கெடைக்கும். பாலாட கெடைக்குமோ இன்னாவோ” என்றார்.

பஸ்ஸில் போவதென்றால் செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று ஊரைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். கட்டுமரத்துக்குத் தெற்குக் காற்று எதிர். கடலோரமாக ஜீப்பில் போனால், பாலாற்று முகத்துவாரத்தில் தண்ணீர் வற்றியிருக்கும் நேரம் பார்த்துக் கடந்துவிடலாம். மதியச் சோற்று வேளைக்குள் போய்விடலாம்.

அண்ணன் முன்னால் நின்று ஹேண்டில் போட்டுச் சுற்றினார். வண்டி இருமியது, நின்றது. மறுபடி சுற்றினார். மறுபடி இருமல். குப்பமே கூடிவிட்டது.

“பெட்ரோலு இருக்குதா அண்ணாத்த?”

“இல்ல, கஞ்சி ஊத்தி வெச்சிருக்கேன்” என்றார் அண்ணன், வியர்வையை வழித்து உதறிக்கொண்டே.

மீன் விற்கிற கன்னியம்மா, “எலுமிச்சம்பழம் வெச்சி நசுக்குனியாடா? வெள்ளிக்கெயம வண்டியத் தொறந்து போட்டா இப்பிடித்தான்” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். இன்னொருவர் வண்டியைக் கிழக்கே பார்த்துத் திருப்பி வைக்கச் சொன்னார். திருப்பியும் வைத்தோம். பிளக்கைக் கழற்றித் துடைத்தேன். பெட்ரோல் பம்ப்பைத் திறந்தேன். வயரை மாற்றினேன். பளபளவென்றிருந்த பித்தளையின்மேல் மட்டும் எனக்குச் சந்தேகமே வரவில்லை. அண்ணி என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பார்வைக்கு முன்னால் என் விரல்களுக்குத் திருகு பிடிபடவில்லை.

வேறு வழியில்லாமல் கார்புரேட்டரின் வாய்க்குள் நேராகக் கொஞ்சம் பெட்ரோலை ஊற்றினேன். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பி, நாலு மூச்சு விட்டு அடங்கியது.

“வாயில ஊத்துனா குடிக்குது. தானா எறங்க மாட்டேங்குது” என்றார் அண்ணன்.

அண்ணி அப்போதுதான் பேசினார். “அப்ப ஊத்திகினே போவலாம்.”

யாரும் சிரிக்கவில்லை. பானெட்டைக் கழற்றி வாசலில் போட்டோம். அண்ணி மட்கார்டில் ஏறி எஞ்சினைப் பார்த்து உட்கார்ந்தார். அண்ணன் பக்கத்துப் படியில் தொற்றிக்கொண்டு ஒரு கையில் பெட்ரோல் கேனையும் மறு கையில் அண்ணியின் இடுப்பையும் பிடித்துக்கொண்டார். முதலில் டம்ளரால் ஊற்றிப் பார்த்தார்கள். அளவு கூடிப்போய்க் குப்பென்று நெருப்பு வந்தது, மணலை அள்ளிப் போட்டு அணைத்தோம். அண்ணியின் முன்மயிர் பொசுங்கியது. “ஒருத்தனும் பீடி பத்த வெக்காதீங்கடா” என்று அண்ணன் கத்தினார்.

அண்ணி இடுப்பிலிருந்து பாலாடையை எடுத்தார். ஒரு நொடி அதைப் பார்த்தார். அண்ணன் பக்கம் நீட்டினார். அண்ணன் அதில் பெட்ரோல் ஊற்றினார்.

கடலோர ஈர மணலில் அப்படித்தான் போனோம். பாலாடையின் மூக்கைக் கார்புரேட்டரின் வாயில் வைத்து, வண்டி குலுங்கும்போதெல்லாம் கையைத் தூக்கி, மறுபடி வைத்து, குழந்தைக்குப் புகட்டுவது போலவே ஊற்றிக்கொண்டு வந்தார் அண்ணி. வண்டி விக்கினால், “இந்தா, இந்தா” என்பார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் அவர் முதுகையும் கடலையும் பார்த்து ஓட்டினேன். ஒரு டிரைவராக நான் செய்யக்கூடியது அவ்வளவுதான் இருந்தது.

பாலாற்று முகத்துவாரம் வரை வந்துவிட்டோம். அங்கே பொதபொதவென்று மணல். முழு இழுப்பு வேண்டும். பாலாடையில் வருகிற சொட்டு அதற்குப் போதவில்லை. சக்கரம் இறங்கியது, வண்டி செத்தது. அண்ணன் ஹேண்டிலைச் சுற்றிச் சுற்றிக் கை நரம்பு புடைத்துப்போய் நிறுத்தினார். கடல் ஏற ஆரம்பித்திருந்தது. முகத்துவாரத்து வாய்க்காலில் முழங்கால் அளவுதான் தண்ணீர், ஆனால் ஏறிக்கொண்டிருந்தது.

அண்ணி கீழே இறங்கி, பாலாடையைக் கடல் தண்ணீரில் அலசினார். மணல் போட்டுத் தேய்த்தார். முகர்ந்து பார்த்தார். மறுபடி தேய்த்தார்.

“வாசன போவலயே தம்பி” என்றார்.

“நீ வண்டியாண்ட இரு. தண்ணி ஏறுனா யாரயாவது கூப்ட்டுத் தள்ளிவுடு” என்று சொல்லிவிட்டு அண்ணன் அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.

அவர்கள் அக்கரை ஏறிய பிறகு, சும்மா நிற்க முடியாமல்தான் கார்புரேட்டரை மறுபடி கழற்றினேன். பெரிய ஜெட்டை வெயிலுக்கு எதிரே பிடித்தேன். துளையின் குறுக்கே மயிர் மாதிரி ஒன்று. ஊதினால் ஒதுங்கி வழிவிடுகிறது, உறிஞ்சினால் வந்து மூடிக்கொள்கிறது. காலையில் நான் ஊதித்தானே பார்த்தேன்! முள்ளால் இழுத்தேன். புளியின் நார்.

மாட்டிச் சுற்றினேன். ஒரே சுற்றில் பிடித்துக்கொண்டது. வாங்கிய நாளிலிருந்து அந்த எஞ்சின் அவ்வளவு இனிமையாக ஓடி நான் கேட்டதில்லை. வண்டி மணலிலிருந்து தானாக ஏறி வெளியே வந்தது. ஆனால் வாய்க்காலில் தண்ணீர் அதற்குள் இடுப்புக்கு மேல். கரையோடு மேலும் கீழும் ஓட்டிப் பார்த்தேன், இறக்க இடமில்லை. ஹாரன் எப்போதோ போய்விட்டது. கையைக் குவித்துக் கத்தினேன். தெற்குக் காற்று என் குரலை என் முகத்திலேயே திருப்பி அடித்தது. அக்கரை மணலில் இரண்டு புள்ளிகள் போய்க்கொண்டிருந்தன, திரும்பிப் பார்க்கவில்லை. ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து அவை மறைகிறவரை பார்த்தேன். பிறகு எஞ்சினை நிறுத்தினேன்.

மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்ததும் போய்ச் சேர்ந்தேன். பந்தல் போட்டிருந்தார்கள். அண்ணனும் அண்ணியும் வந்து சேருமுன்பே, முந்தின நாள் மதியமே நைனா போய்விட்டாராம். இழுப்பைப் பார்க்கப் பொறுக்காமல், பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு, “தோ ஒம் பொண்ணு வந்துட்டா, வாயத் தொற” என்று சொல்லிப் பால் ஊற்ற வைத்திருக்கிறார்கள். வாயைத் திறந்தாராம். குடித்தாராம். போய்விட்டாராம்.

“நல்லதுதான் பண்ணீங்க” என்றார் அண்ணி. பிறகு, “கண்ணத் தொறந்து பாத்தாரா?” என்று கேட்டார்.

ஒருவர் பார்த்தார் என்றார். ஒருவர் இல்லை, மூடியேதான் இருந்தது என்றார். பால் ஊற்றிய பெண்ணைக் கேட்டால், தெரியவில்லை அக்கா, பயத்தில் நான் பாலைத்தான் பார்த்தேன் என்று அழுதாள். அதற்குமேல் யாரைக் கேட்பது?

என்னிடம் அண்ணி கேட்டது ஒன்றுதான். “இன்னா அடச்சிகினு இருந்துது?”

“மணலு அண்ணி” என்றேன்.

அதற்குப் பிறகு ஏதாவது கல்யாணத்திலோ காதுகுத்திலோ பால் ஊற்றிய அந்தப் பெண்ணைப் பார்த்தால், அண்ணி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வார். அவளுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்வார். பந்திக்குக் கூப்பிடுகிறவரை அப்படியே இருப்பார்கள்.

ஜீப்பைப் பழைய இரும்பாகக் காயலான் கடைக்குப் போட்டாயிற்று. அண்ணன் போனார், பின்னாலேயே அண்ணி. அந்தப் பெண் பிள்ளைகளோடு மெட்ராஸ் போனவள், எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை. அண்ணி பிறந்த வீடு இருந்த இடத்தில் கடல் நிற்கிறது. பாலாற்றின்மேல் இப்போது பெரிய பாலம். பஸ் அதில் ஏறினால் ஒரு வெற்றிலை மடிப்பதற்குள் அக்கரை வந்துவிடுகிறது. நானும் போய்ப் பார்த்தேன். கண்டக்டர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். சொல்வதற்கு அந்தப் பக்கம் ஒரு வீடும் இல்லாததால், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்பி வந்துவிட்டேன்.

ஆவணி மாதம், இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை.