வாசல்காவலர் லூஷியஸ் டாலிவர்

அமெரிக்காவில் எங்கள் ஊரில், ரகசியச் சடங்குகளோடு கூடும் சகோதரச் சங்கமான ஃப்ரீமேசன் சபைகள் இரண்டு. நீதிமன்றத்துக்கு எதிரே இருப்பது வெள்ளைக்காரர்களுடையது. பருத்தி ஆலைக்குப் பின்னால் இருப்பது எங்களுடையது, கறுப்பர்களுடையது. சடங்கும் முத்திரையும் ஒன்றுதான். ஆனாலும் எங்களை மேசன்கள் என்றே அவர்களுடைய மாநிலத் தலைமைச் சபை ஒப்புக்கொண்டதில்லை.

எங்கள் வாசல்காவலர் லூஷியஸ் டாலிவர், பள்ளிப் பேருந்து ஓட்டுநர். மாதத்தின் முதல் சனிக்கிழமை காலை, மூடிய கதவுக்கு வெளியே வாளோடு நிற்பார். பதினெட்டு வருடமாக அதே வேலை.

ஒரு சனிக்கிழமை, அறுபதை நெருங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் மேசன்கள் சடங்கின்போது இடுப்பில் கட்டும் ஏப்ரனைக் கையில் எடுத்துக்கொண்டு படியேறி வந்தார். பெயர் வெண்டல் க்ராட்ஸ். ஊருக்குப் புதிது, மேசனாகி மூன்றே வாரம்.

"கூட்டம் ஆரம்பிச்சாச்சா பிரதர்? பலகையில முத்திரையப் பாத்துட்டு வந்தேன்."

"நீங்க எந்தச் சபை?"

"கோர்ட்டுக்கு எதிர்ல இருக்கே, அது."

"அப்ப உள்ள வராதீங்க. வந்தா உங்க ஆளுங்க உங்க பேரையே அடிச்சிருவாங்க. வேற சபைக்குப் போறதுக்கு முன்னாடி, அதுக்கு அங்கீகாரம் இருக்கான்னு உங்க செயலாளர்கிட்ட கேக்கணும். புதுசா சேர்றவங்களுக்கு முதல்ல சொல்றதே இதானே, சொல்லலையா?"

"இல்லையே! இங்க ஏன் அங்கீகாரம் இல்ல?"

"என்னைக் கேட்டா? அங்க போய்க் கேளுங்க."

க்ராட்ஸ் கேட்டார். ஒரு மாநிலத்துக்கு ஒரே தலைமைச் சபைதான் என்றார் செயலாளர். "பக்கத்து மாநிலத்துல ரெண்டு இருக்கே?" என்றதும் செயலாளருக்குக் காப்பி ஆறிப்போவது நினைவுக்கு வந்துவிட்டது.

அடுத்த மாதமும் க்ராட்ஸ் வந்தார். உள்ளே வரவில்லை, ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு லூஷியஸ் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சபை விஷயம் மட்டும் பேசமாட்டார்கள். மீன்பிடி, எஞ்சின், லூஷியஸ் மனைவியின் சர்க்கரை வியாதி என்று பேச்சு ஓடும். சிரிப்புச் சத்தம் கேட்டால் உள்ளே எங்களுக்குச் சடங்கில் மனசே நிற்காது.

இதற்கிடையே எங்கள் சபையை அங்கீகரிக்கச் சொல்லி க்ராட்ஸ் தன் சபையில் ஒரு தீர்மானம் எழுதிக் கொடுத்தார். முதல் வருடம் அவர்களுடைய தலைமைச் சபையில் தோற்றது. மறு வருடம் பதினோரு வாக்கில் ஜெயித்தது.

அதன்பிறகு அவர் வந்தபோது, உண்மையிலேயே மேசன்தானா என்று முறைப்படி மூன்று பேர் அவரைச் சோதித்தோம். பதற்றத்தில் ஒரு ரகசிய வார்த்தையை மறந்து வியர்த்துக் கொட்டினார். ஒருவழியாகத் தேறினார். லூஷியஸ் கதவைத் திறந்து உள்ளே அனுப்பிவிட்டு மறுபடி வெளியே நின்றார். அன்று மதியம் சாப்பிடும்போது, "பேச்சுத்துணைக்கு இருந்த ஒரே ஆளையும் உள்ள அனுப்பிட்டேன் பாரு" என்று சலித்துக்கொண்டார்.

பிறகு லூஷியஸும் நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் சபைக்குப் போய்வந்தார். எல்லோரும் சூழ்ந்துகொண்டோம்.

"எப்படி இருந்துச்சு?"

"ரெண்டு பேர் எழுந்து போயிட்டாங்க. மத்தவங்க கைகுலுக்கினாங்க. உருளைக்கிழங்கு சாலட்ல உப்பே இல்ல." ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். "முழுச் சடங்கையும் உக்காந்து பாத்து எத்தனை வருஷம் ஆச்சு! பாதி மறந்தே போச்சுடா."

எங்கள் சபையின் டிசம்பர் தேர்தலில் காவல் பதவி வேண்டாம் என்றுவிட்டார். இப்போது உள்ளே இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருக்கிறார்.