விளக்கு அணையாதிருக்க நிறுத்திய விசிறி

பெற்றவள் இருக்கப் பிள்ளைக்கு நினைவு மலர் அச்சிடும் நிலை எந்த வீட்டுக்கும் வரக் கூடாது. எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. அக்கா மறைந்த முதலாம் ஆண்டில் இம்மலரைக் கையில் எடுக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும், தங்கை என்ற உரிமையில், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். மனம் ஆறிய பிறகு எழுதலாம் என்று பார்த்தேன், ஆறவில்லை.

அக்கா புசல்லாவையில் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தார். அம்மா கொழுந்தெடுத்த காசில் படித்து இரசாயனவியலில் பட்டம் பெற்று, தெல்தெனியப் பக்கம் ஒரு செம்பு ஆலையில் சேர்ந்தார். அங்கே பழைய செம்பை உருக்கித் தகடாக வார்த்து, அமிலத் தொட்டியில் தொங்கவிட்டு மின்சாரம் பாய்ச்சுவார்கள். நல்ல செம்பு எதிர்த்தகட்டில் படியும். ஆர்சனிக் போன்ற அழுக்கு கரைசலில் சேர்ந்துகொண்டே போகும். அதைக் கூடவிடாமல் தனி அறையில் இன்னொரு தொட்டியில் பிரித்தெடுப்பது அக்காவின் பொறுப்பு. அந்தத் தொட்டியில் செம்பு குறைந்தால் ஆர்சனிக் நச்சு வாயுவாகக் கிளம்பும். ஆகவே அங்கே விசிறி ஒரு நொடியும் நிற்கக் கூடாது என்பது அவர் கட்டளை.

வீட்டிலும் அதே கண்டிப்புதான். தேங்காய்ப்பாலைத் திரும்பத் திரும்ப வடிப்பார். "இது அடுப்படியா, ஆஸ்பத்திரியா?" என்று கேலி செய்வேன். "குடிக்கிறவ நீதானே, வாய மூடு" என்பார்.

ஆயுத பூசையன்று முத்தையா அண்ணன் அந்த அறையில் குத்துவிளக்கு ஏற்றினார். அக்கா மேல் பிரியமுள்ள தொழிலாளி அவர். காற்றுக்குச் சுடர் நிற்கவில்லை. விளக்கு அணைந்தால் ஆகாது என்று விசிறியை நிறுத்தினார். மழை அடிக்கிறதென்று சன்னலையும் சாத்தினார். தொட்டியில் மின்சாரம் ஓடிக்கொண்டே இருந்தது. அந்த அறைக்கு வெளியே விறாந்தையில் பந்தி நடக்கும்போது அக்கா வந்தார்.

"கடலைக்கு யாருங்க பூண்டு போட்டது?"

"பூசைக்குப் பூண்டா? போடலைங்க மிஸ்."

அந்த வாயுவுக்குத்தான் பூண்டு மணம். "எல்லாரும் எந்திரிங்க! சோத்த விடுங்க, வெளிய ஓடுங்க!" என்று கத்தினாராம். முகமூடி இருந்த அலுமாரி பூட்டிக் கிடந்தது. சாவி வைத்திருந்தவர் லீவு. வெறும் முகத்தோடு உள்ளே போய் மின்சாரத்தை நிறுத்தி, விசிறியைப் போட்டு, இறுகிக் கிடந்த சன்னலைத் தள்ளித் திறந்தார். மற்ற எல்லாரும் பிழைத்தார்கள்.

வாயு இரத்த அணுக்களை உடைத்ததில் மாலையிலேயே அக்காவுக்குச் சிறுநீர் கறுத்துப் போனது. என்ன வாயு என்று கண்டி ஆஸ்பத்திரி டொக்டர்களுக்கு அக்காவே சொன்னார். இரத்தம் ஏற்றியும் சிறுநீரகம் கைவிட்டது.

"முத்தையா அண்ணன் நல்லா இருக்காரா?" என்று என்னிடம் கேட்டார்.

"அந்தாளப் பத்திப் பேசாத அக்கா!"

"வேணும்னா செஞ்சாரு? வந்தா உள்ள கூப்பிடு."

அக்கா என்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான்.

ஓயாமல் பார்த்த தாதிமாருக்கும், மடுல்கெல்லயிலிருந்து வந்து அம்மாவோடு தங்கிய சித்திக்கும், இரத்தம் கொடுத்த தொழிலாளர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. இரத்தம் கொடுக்க முதலில் கை நீட்டியவர் முத்தையா அண்ணன். செத்த வீட்டுக்கு வந்தவர் வாசலோடு நின்று திரும்பிவிட்டார். திதிக்கு அழைக்க, இந்த மலரை அம்மாவே அவர் வீட்டுக்குக் கொண்டுபோகிறார்.

முத்தையா அண்ணே, வாங்க. உள்ளேயே வாங்க. நான் முகங்கொடுத்துப் பேசாவிட்டால் மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.