அத்தியாயத்துக்கு ஒரு கடிதம்

மகன் சிங்கப்பூர் போன நாலாவது மாதத்தில் விண்ணரசி டீச்சர் கதை எழுத ஆரம்பித்தாள். அதற்கு முன் அவள் எழுதியதெல்லாம் பள்ளிக்கூடத்து ஆண்டு மலரில் வந்த இரண்டு கட்டுரைகளும், மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் சிலேட்டில் போட்ட எழுத்துகளும்தான்.

மன்னார்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் அரைமணி நேரம் போனால் அவள் ஊர் வரும். பங்குக் கோயிலை ஒட்டிய ஆரம்பப் பள்ளியில் அவளுக்கு வேலை. சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. புருஷன் போய்ச் சேர்ந்தபோது விட்டுப்போனது ஆல்பின் என்ற பன்னிரண்டு வயதுப் பிள்ளையும், வாய்க்கால் தலைப்பில் மூன்று மா, ஒரு ஏக்கர் நிலமும். அந்த மூன்று மாவைத்தான், பிள்ளை வளர்ந்து ஆளானதும், தொண்ணூற்று மூன்றாம் வருஷம் கோவிந்தராசுவிடம் முப்பத்தையாயிரத்துக்குப் போக்கியம் வைத்து, ஏஜெண்டுக்குக் கட்டி, ஆல்பினை விமானம் ஏற்றினாள். பணத்தைத் திருப்பும்வரை கோவிந்தராசு உழுது கொள்வார், விளைச்சல் அவருக்கு.

விமானம் ஏறும் முன் ஆல்பின் சொல்லிவிட்டுப் போன ஒரு வார்த்தையை அவள் ஜெபமாலையைப் போல உருட்டிக்கொண்டிருந்தாள்.

"நெலம் நம்ம கைக்கு வந்த அன்னைக்கு நான் அங்க ஒரு நாள்கூட நிக்க மாட்டேம்மா. பொட்டியக் கட்டிடுவேன்."

அவளுக்கு வேறென்ன வேண்டும்? நிலம் திரும்பினால் பிள்ளை திரும்புவான்.

ஆனால் அவன் அனுப்பிய பணம் ஏஜெண்டுக்காக வாங்கிய கைமாற்றுக்கே சரியாகப் போனது. பணத்தோடு கடிதம் வந்தது. ஊரில் எல்லாரிடமும் அவன் கப்பல் பட்டறையில் சூப்பர்வைசர். கடிதத்தில் மட்டும் உண்மை இருந்தது. கப்பலின் அடிவயிற்றில் எண்ணெய்த் தொட்டி இருக்குமாம். ஆள் நுழையும் ஓட்டை வழியாக உள்ளே இறங்கி, தவழ்ந்து, துருவைச் சுரண்ட வேண்டுமாம். வெளியே வந்தால் எச்சில்கூடக் கறுப்பாக வருமாம். ஒருநாள் மயங்கி விழுந்தபோது மேஸ்திரி கன்னத்தில் அறைந்து எழுப்பினானாம். 'அப்பா செத்தப்பகூட அவ்வளவு அழலம்மா. இதை யார்கிட்டயும் சொல்லாதே' என்று முடித்திருந்தான்.

அந்தக் கடிதத்தை அவள் முந்நூறு தடவையாவது படித்திருப்பாள். யாரிடமும் சொல்ல முடியாத துக்கம் நெஞ்சில் கிடந்து ஊறியது. ஒரு சனிக்கிழமை பரீட்சைப் பேப்பர்களை ஒதுக்கிவிட்டு, முழுநீளத் தாள் எடுத்து, ஆல்பின் என்ற இடத்தில் இருதயம் என்றும், கப்பல் என்ற இடத்தில் தொழிற்சாலை என்றும் மாற்றி அதை எழுதினாள். தொடக்கத்தில் ஒரு தாயைச் சேர்த்தாள். தலைப்பு 'அக்கரைச் சம்பா'. திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்த 'வீட்டுச்சுடர்' வாரப் பத்திரிகைக்கு அனுப்பினாள். பாரத்தை இறக்கி வைத்தால் போதும் என்றுதான் அனுப்பினாள்.

பத்திரிகை ஆசிரியர் அடைக்கலராஜ் நேரிலேயே வந்துவிட்டார். கதர்ச் சட்டை, வெற்றிலைப் பை, எதற்கெடுத்தாலும் கண் கலங்கும் மனிதர். இதைச் சிறுகதையாகப் போட்டு வீணாக்க மாட்டேன் என்றார். தொடராக எழுதுங்கள், முடிகிறவரை வாரம் ஒரு அத்தியாயம், அத்தியாயத்துக்கு இருநூற்றைம்பது என்றார். டீச்சர், முழுக் கதையும் இன்னும் என்னிடம் இல்லையே என்று தயங்கினாள். யாரிடம்தான் இருக்கிறது, எழுத எழுத வரும் என்றார் அவர். முதல் நாலு வாரத்துக்கான பணத்தை அங்கேயே மேஜைமேல் வைத்தார்.

அந்த ஆயிரம் ரூபாயைக் கையில் எடுத்தபோது அவளுக்குக் கோவிந்தராசுவின் முகம்தான் முன்னே நின்றது.

அப்படித்தான் எழுதி முடிக்காத புத்தகம் ஒரு வீட்டைத் தாங்கத் தொடங்கியது. மகன் மாதம் இரண்டு கடிதம் எழுதுவான். ஒவ்வொரு கடிதத்திலிருந்தும் இரண்டு அத்தியாயம் வந்தது. தகரக் கொட்டகை அறையில் பன்னிரண்டு பேர் படுப்பது, ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்த் தமிழ்ப் பாட்டுக் கேட்டு வாசலிலேயே நின்றுவிட்டது, ரசத்துக்குப் புளி கிடைக்காதது எல்லாம் வந்தது. நாலு நாலு அத்தியாயமாகச் சேர்த்துச் சின்னப் புத்தகம் போட்டார்கள். திருவிழாக் கடைகளில் அது பறந்தது. அதிலும் அவளுக்கு ஒரு பங்கு வந்தது. ஆறே மாதத்தில் எட்டாயிரம் சேர்ந்தது. மகனுக்கு அவள் சொல்லவில்லை. நிலத்தை மீட்டுவிட்டு ஒரே அடியாகச் சொல்லி அவனைத் திகைக்க வைக்க வேண்டும் என்று ஆசை. எல்லாம் அவனுக்காகத்தானே! கடிதம் தாமதமானால் மட்டும் அவளுக்கு இரண்டு கவலை வந்தது. பிள்ளைக்கு என்ன ஆயிற்றோ என்பது ஒன்று. இந்த வாரத்துக்கு என்ன எழுதுவது என்பது இன்னொன்று. எது முதலில் வந்தது என்று அவள் தன்னையே கேட்டுக்கொண்டதில்லை.

இரண்டாம் வருஷம் ஆல்பினுக்குப் பெண் அமைந்தது. மன்னார்குடியில் பெயின்ட் கடை வைத்திருந்த சகாயராஜின் மகள் ஜாய்ஸ். டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவள். பேசும்போது வலது கை எப்போதும் தாவணித் தலைப்பைச் சுருட்டிக்கொண்டே இருக்கும். போட்டோ பார்த்துவிட்டு ஆல்பின், 'சரிம்மா' என்று ஒரே வரியில் எழுதியிருந்தான். அந்த ஒரு வரியில் எத்தனை வெட்கம்! ஜூலையில் கல்யாணம். ஒரு மாத லீவு, டிக்கெட் எடுத்தாயிற்று. இரண்டு பங்குக் கோயிலிலும் ஓலை வாசிக்க ஆரம்பித்தார்கள். தொடர்ந்து மூன்று ஞாயிறு, இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்று சாமியார் பீடத்திலிருந்து வாசிப்பார். முதல் ஞாயிறு தன் மகன் பெயரைக் கேட்டு டீச்சர் முக்காட்டுக்குள் அழுதாள்.

ஓலை தொடங்கும் முன்பே அடைக்கலராஜ், அந்தோணியார் திருவிழாச் சிறப்பிதழ் வருகிறது, இருதயத்தின் குழந்தைப் பருவம் ஒன்று வேண்டும், உருக்கமாக வேண்டும் என்று கேட்டிருந்தார். எழுநூற்றைம்பது ரூபாய்.

அவளிடம் உருக்கமாக இருந்தது ஒன்றுதான். ஆல்பின் ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோது மஞ்சள்காமாலை வந்து பிழைத்தான். எடைக்கு எடை நெல் தருவதாக அந்தோணியாருக்கு நேர்ந்துகொண்டார்கள். கோயில் முன்னால் பெரிய தராசு கட்டி, ஒரு தட்டில் பிள்ளை, மறு தட்டில் நெல். நெல் ஏறிக்கொண்டிருக்கும்போதே பிள்ளை இருந்த தட்டின் கயிறு அறுந்தது. கூட்டம் அலறியது. பிள்ளை கீழே குவிந்திருந்த நெல்லின்மேல் விழுந்து, அழாமல், ஒரு கை நெல்லை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது. அன்று முதல் சுற்று வட்டாரத்தில் அவனுக்குத் தராசு ஆல்பின் என்றே பெயர்.

அதை அப்படியே எழுதினாள். எழுதும்போது கண்ணீர் தாளில் விழுந்தது. அதனால் அது உண்மையாக இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள். பெயரை மாற்றினாள். ஊரை மாற்றினாள். தராசை மாற்றத் தோன்றவில்லை.

சிறப்பிதழ் வந்த வாரம், இரண்டாம் ஓலை வாசித்த மறுநாள், சகாயராஜ் வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. கையில் 'வீட்டுச்சுடர்' கட்டு. அத்தனை இதழும் தேடி வாங்கிப் படித்திருக்கிறார். நேற்றுவரை சம்பந்தி என்று அழைத்தவர் அன்று வேறு மாதிரிக் கூப்பிட்டார்.

"டீச்சர், இந்த இருதயம்ங்கிறது யாருங்க?"

"கதைங்க அண்ணே. சும்மா கதை."

"அந்தத் தராசு விழுந்தப்ப நான் கூட்டத்துல நின்னவன் டீச்சர். நெல்லுல விழுந்த புள்ள இந்த வட்டாரத்துல எத்தனை பேரு இருக்கான்?"

அவள் நாற்காலியை மறுபடி அவர் பக்கம் நகர்த்தினாள்.

"துரு சுரண்டுறது தப்பில்ல. நானும் சொவத்துக்குச் சுண்ணாம்பு அடிச்சவன்தான். சூப்பர்வைசர்னு சொல்லிப் பொண்ணு கேட்டீங்க பாருங்க, அதுதான். பெத்த புள்ள அடிவாங்கினத காசுக்கு எழுதுவாங்க, எங்ககிட்ட மட்டும் மறைப்பாங்க. அந்த வீட்டுக்கு எம் பொண்ணு வேண்டாம்."

மூன்றாவது ஞாயிறு சாமியார் வேறு இரண்டு ஜோடிகளின் ஓலையை வாசித்தார். ஆல்பின் பெயர் வரவில்லை. கோயில் முழுவதும் தலைகள் திரும்பி அவளைப் பார்த்தன. முந்தின வாரம்வரை அந்தக் கதையைப் படித்து அழுத கண்கள்தான்.

கல்யாணம் நின்ற காரணத்தை அவளே மகனுக்கு எழுதினாள். பத்திரிகையையும், மீட்கப்போகும் நிலத்தையும், எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். அவன் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டான் என்று பக்கத்து ஊர்ப் பையன் மூலம் தெரிந்தது. அடுத்த மாதம் டிராஃப்ட் வந்தது. உறையைத் தலைகீழாக உதறினாள். கடிதம் இல்லை. அதற்கடுத்த மாதமும் இல்லை. பணம் மட்டும் தவறாமல் வந்தது. பிள்ளையின் கையெழுத்தைப் பார்க்க வேண்டுமென்றால் உறைமேல் எழுதிய விலாசத்தைத்தான் பார்க்க வேண்டும்.

தொடரை நிறுத்திவிடுகிறேன் என்று திருச்சிக்குப் போய் நின்றாள். அடைக்கலராஜுக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. ஆனாலும் விடவில்லை.

"நாப்பத்தோரு அத்தியாயத்துல கதைய நடுத்தெருவுல விட்டா வாசகர் என்னைச் சும்மா விடுவாங்களாம்மா? அத்தியாயத்துக்கு நானூறாப் போட்டுத் தர்றேன். பையன வீடு கொண்டாந்து சேத்துட்டு முடிங்க."

நானூறு. கையில் பதினான்காயிரம் இருந்தது. நிலம் மீண்டால் வருவேன் என்று சொன்ன பிள்ளைதானே? கோபம் ஆறும். வாக்கு மாறுமா? இப்படித்தான் கணக்குப் போட்டது அந்தப் பேதை நெஞ்சு. அவள் பஸ் ஏறி வீட்டுக்கு வந்து நாற்பத்திரண்டாம் அத்தியாயத்தைத் தொடங்கினாள்.

கடிதம் இல்லை. ஆகவே கடிதத்தையும் அவளே எழுதினாள். 'அன்புள்ள அம்மாவுக்கு' என்று இருதயம் எழுதினான். உன் கை வலி எப்படி இருக்கிறது என்று கேட்டான். நீ எதுவும் தப்பு செய்யவில்லை அம்மா என்று எழுதினான். ஆல்பின் ஒருநாளும் கேட்காததை எல்லாம் கேட்டான். வாரா வாரம் எழுதினான். பத்திரிகைக்கு முன்னைவிட இரண்டு மடங்கு தபால் வந்தது. சவூதியில் மகனை விட்டுவிட்டு நன்னிலத்தில் இருக்கும் மெஹராஜ் பேகம் என்ற அம்மாள் ஒரு கார்டு போட்டிருந்தாள்: 'என் மகனுக்கு இப்படி எழுத வராது. இருதயம் எழுதுவதை என் மகன் எழுதியதாக நினைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொள்கிறேன்.' அந்தக் கார்டைப் படித்த அன்று டீச்சர் சோறு உண்ணவில்லை.

தொண்ணூற்றாறு தை முடிந்து, சம்பா அறுவடை ஆனதும் பணம் நிறைந்தது. கோவிந்தராசு எண்ணி வாங்கிக்கொண்டு பத்திரத்தைத் திருப்பித் தந்தார். நல்ல மனுஷர்தான்.

"பேனாவால நெலத்தத் திருப்புன ஆள இப்பத்தான் டீச்சரம்மா பாக்குறேன். தம்பி எப்ப வருது?"

"வந்துடுவான்."

மகனுக்குத் தந்தி கொடுத்தாள். 'நிலம் நம் கையில். ஞாயிறு பதினோரு மணிக்கு வஹாப் கடைக்குப் பேசு.' பூசை முடிந்து நேரே மன்னார்குடி போய் அப்துல் வஹாபின் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்தாள். வஹாப் வரிசையில் நின்றவர்களைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லி லைனைக் காலியாக வைத்திருந்தார். பதினொன்றே காலுக்கு மணி அடித்தது.

எட்டு மாதம் ஒரு வரிகூட எழுதாத பிள்ளையின் குரல். நன்றாயிருக்கிறாயா, சாப்பிட்டாயா என்று அவள் கேட்டதற்கெல்லாம் ம் என்றான். கடைசியில் அவள் பத்திரத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"மூணு மாவும் மீண்டுடுச்சு தம்பி. சொன்னபடி வந்துடு."

"பர்மிட்ட ரெண்டு வருஷம் நீட்டிட்டேம்மா."

"நெலம் வந்தா வருவேன்னு சொன்னியே."

"சொன்னேன். அந்த நெலத்துல எறங்கி நின்னா போறவன் வர்றவனெல்லாம் என்னை வேடிக்கை பார்ப்பான். நான் எங்க அழுதேன், எவன்கிட்ட அறை வாங்கினேன், ஊருக்கே மனப்பாடமாத் தெரியுது." குரலில் கோபம்கூட இல்லை. "இங்கயும் அந்தப் புக்கு வருதும்மா. ரூம்ல ஒருத்தன் சத்தமாப் படிப்பான், மத்தவனெல்லாம் கண்ணத் தொடப்பான். நான் பாயில படுத்துக்கிட்டுக் கேட்டுக்கிட்டுருப்பேன். நான் எழுதாத லெட்டரெல்லாம்."

"வேற என்ன பண்ணுவேன் தம்பி. நீ எழுதலியே."

"அதான் உன் இருதயம் எழுதுறானே. என்னைவிட நல்ல புள்ள அவன். அவனையே வரச் சொல்லு."

லைன் போய்விட்டது. வஹாப் காசு வாங்க மறுத்தார். அடுத்தவருக்கு இடம் விட்டு அவள் எழுந்தாள்.

கடைசி அத்தியாயம் புதன்கிழமைக்குள் திருச்சி சேர வேண்டும். செவ்வாய் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டதும் காலி வகுப்பில் உட்கார்ந்து எழுதினாள். இருதயம் பஸ்ஸைவிட்டு இறங்கினான். வரப்பில் ஓடி வந்தான். தாயின் காலில் விழுந்தான். எழுதும்போது அவளுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை. அப்படி வராமல் அவள் எழுதியது அந்த ஒரு அத்தியாயம்தான்.

தஞ்சாவூர் ஜில்லா முழுக்க அதைப் படித்துவிட்டு அழுதார்கள். நானூறு ரூபாய் மணியார்டர் வந்தது. அந்த வருஷம் மேட்டூர் அணை திறந்தும், மூன்று மாவில் யார் இறங்கி உழுவது என்று தெரியாமல், அவள் கோவிந்தராசு வீட்டுக்குப் போய் நிலத்தை நீங்களே குத்தகைக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாள்.