ஒருமனதாக

பெண்களுக்கு வார்டு ஒதுக்கிய புதிது. செட்டிகுளம் பக்கம் ஒரு ஊராட்சியின் கிராமசபைக் கூட்டத்தைப் பார்வையிட ஒன்றிய ஆபீசிலிருந்து என்னை அனுப்பியிருந்தார்கள். அங்கேதான் அந்த வார்டு உறுப்பினரைப் பார்த்தேன். வெயிலில் கறுத்த, ஒடிசலான அம்மாள். யார் பேசினாலும் தரையைப் பார்த்தபடியே கேட்பார்.

புதிய தண்ணீர்த்தொட்டியை அவர் குடியிருந்த தெற்குத்தெருவில் கட்டுவதாகத் தீர்மானம். வடக்குத்தெருக்காரர்கள் சத்தம் போட்டுவிட்டு எழுந்து போய்விட்டார்கள். எழுத்தர் வாசித்தார்: "ஒருமனதாக நிறைவேற்றப்பட்டது." எந்தத் தீர்மானத்தையும் அப்படி முடிப்பதுதான் எங்கள் வழக்கம்.

அம்மாள் நிமிர்ந்தார். "ஒருமனதான்னு எழுதாதீங்க சார்."

"தொட்டி உங்க தெருவுக்குத்தானேம்மா வருது?" என்றேன்.

"ஆமாங்க, வேணும்னுதான் நானும் கை தூக்குனேன். வேணாம்னுட்டுப் போனாங்களே, அவங்க மனசை நாம எப்படிங்க எழுதுறது?"

எழுத்தர் அந்தச் சொல்லை அடித்த பிறகுதான் அம்மாள் கையெழுத்துப் போட்டார். அந்தச் சொல் இல்லாததால் மேலதிகாரிகள் விளக்கம் கேட்டார்கள்; தொட்டி தள்ளிப்போனது.

அந்தக் கோடையில் அவ்வழியே போனபோது, தெற்குத்தெருவில் தண்ணீர் இல்லாமல் அம்மாள் வடக்குத்தெரு அடிபம்பில் குடத்தோடு நின்றிருந்தார். வரிசையில் கடைசி ஆள். யாரும் அவருக்கு வழிவிடவில்லை. அவரும் கேட்டதாகத் தெரியவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.